ஒன்பது பத்துக்குப் பூட்டிய கேட்

பள்ளிக்கூடத்து கேட்டில் நிற்கிற வேலையில் ஒன்று மட்டும் நிச்சயம்: திறந்துவிட்டதற்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், பூட்டியதற்கு எல்லோரும் திட்டுவார்கள். ஆஸ்பத்திரி வார்டு வாசலிலும் கல்யாண மண்டபத்தில் பந்தி வாசலிலும் நிற்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே போகிற வரைக்கும் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். போன பிறகு நாம் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

திண்டிவனத்தில் கன்னியர் நடத்துகிற ஒரு பெண்கள் பள்ளியில் பதினெட்டு வருஷமாக நான் ஆயா. என் பெயர் லூர்து. கேட்டைத் திறப்பது, மணி அடிப்பது, ஜெபத்தில் மயங்கி விழுகிற பிள்ளைக்கு முகத்தில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் என் வேலை. இதை எழுத உட்காரும்போதே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாவதோடு நின்றவள் என்பதால் அல்ல. எழுத்து எனக்கு வரும். எந்தக் கதையை நான் சொன்னாலும் கடைசியில் நல்லவள் நானாகவே இருப்பேன், அதுதான் பயம். வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை இதைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் தப்பு வேறு யார் மேலேயோ போய் உட்கார்ந்துகொண்டது. இது மூன்றாவது தடவை.

செருப்பைக் கழற்றியவர்

அட்மிஷன் சமயத்தில் கேட்டில் நிற்கிறவளுக்கு மரியாதை கூடும். உள்ளே சிஸ்டர் என்ன கேட்பார்கள், என்ன சொன்னால் இடம் கிடைக்கும் என்று என்னிடம்தான் முதலில் விசாரிப்பார்கள். ஒரு வருஷம் திருவாமாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மகளை ஹாஸ்டலில் சேர்க்க வந்தார். நெற்றி நிறைய விபூதி. மாதா சிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் கால் சுடச் சுட நின்றார். எனக்கு எதற்கெடுத்தாலும் கவலை. ஹாஸ்டலில் காலையும் மாலையும் ஜெபம் உண்டு, பிற்பாடு வந்து குறை சொல்வாரோ என்று நினைத்து, "இது வேதக்கார ஸ்கூலுங்க, தெரியுமில்ல? விழுப்புரத்துலயே எத்தினியோ ஸ்கூலு இருக்குதே" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மகளின் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "சாமி எங்க ஊர்லயே கீதும்மா, அதுக்கா இம்மாந்தூரம் வர்றேன்? பெல்லு அடிச்சா அடிச்ச நேரத்துக்கு ஒரு வேல நடக்குதுன்னு எம் பொண்ணு ஒரு எடத்துலயாவது பாக்கட்டும்."

சமையல்கட்டுக் கதவு

அந்த மணி எனக்கும் தெரிந்த மணிதான். நானும் இந்தப் பள்ளியில் படித்தவள். காலையில் அம்மாவோடு களை பறிக்கப் போய், ஒரு பாத்தி முடித்துவிட்டு ஓடி வருவேன். வருவதற்குள் முன்கேட் பூட்டியிருக்கும். பின்பக்கம் ஹாஸ்டல் சமையல்கட்டுக்கு ஒரு கதவு இருந்தது. அங்கே சமைக்கிற சிஸ்டருக்குப் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கதவைத் தட்டினால் கேப்பை மாவு ஒட்டிய கையோடு வந்து திறப்பார். திட்டுவார். திட்டிக்கொண்டே என் காலில் இருக்கிற சேறு போகத் தண்ணீர் ஊற்றுவார்.

எட்டாவதில் சேர வேண்டிய வருஷம் அம்மா படுத்துவிட்டாள், படிப்பு நின்றது. அதற்கும் பள்ளிக்கும் சம்பந்தமில்லை. பல வருஷம் கழித்து எனக்கு வேலை கொடுத்ததும் இதே பள்ளிதான். அந்தச் சமையல்கட்டு இப்போது ஸ்டோர் ரூம். கதவை மறைத்து உள்பக்கம் ஒரு பீரோ நிற்கிறது. ஆறாவது படிக்கும்போது ஒருநாள் அந்தக் கதவுக்கு வெளியே நின்று அழுதேன். ஜெபம் முடிந்துவிட்டது, சாமி கோபித்துக்கொள்வார் என்று எனக்குப் பயம். சிஸ்டர் என் முதுகில் ஒன்று வைத்தார்: "சாமி ஒண்ணும் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாரு. ஓடுடி!"

குழுவில் ஒரு நாற்காலி

போன வருஷம் பள்ளிக்கு ஆலோசனைக் குழு அமைத்தார்கள். எங்கள் கோயில் பங்குச் சாமியார், பெற்றோர் இரண்டு பேர், பழைய மாணவிகள் இரண்டு பேர், விழுப்புரத்தில் இருக்கிற ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், பள்ளியிலிருந்து கிரேஸ் டீச்சர். கடைசியில் எச்.எம். சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, ஊழியர் சார்பில் நீங்கள் இருங்கள் என்றார். என் கையிலிருந்த துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "நான் இன்னா சிஸ்டர் பேசப்போறேன்?" என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். முடிவெடுக்கப்போவது அவர்தான். ஆனால் யாருக்காக இந்தப் பள்ளியைத் தொடங்கினார்களோ அவர்களை மறந்துவிடாமல் நடத்த வேண்டும் என்றால், பல பக்கத்திலிருந்தும் பார்த்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். "உள்ளே நடக்கிறது எனக்குத் தெரியும். வாசல்ல நடக்கிறது உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொன்னா போதும், லூர்தும்மா."

அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது தப்பாகப் பேசி வேலைக்கே ஆபத்து வந்துவிட்டால்? மத்தியானம் கிரேஸ் டீச்சரிடம் புலம்பினேன். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சிரித்தார்: "ஆலோசனைக் குழுதானேக்கா? ஒரு ஆலோசன சொல்லு, மிக்சர சாப்புடு, எழுந்து வந்துடு. யாரு அத்த கேட்டு நடக்கப் போறாங்க?"

வாசல் தெரிந்தவள்

முதல் மூன்று கூட்டத்தில் நான் மிக்சர் மட்டும்தான் சாப்பிட்டேன். கழிப்பறைக்குத் தண்ணீர், நூலகத்துக்கு மின்விசிறி, நன்னெறி வகுப்பு என்று மற்றவர்கள் பேசினார்கள். எல்லோரும் தலையாட்டும்போது நானும் ஆட்டினேன். நாலாவது கூட்டத்தில் விழுப்புரத்து ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் பேச எழுந்தார். சவரிமுத்து சார் என்போம். நல்ல மனுஷர். கூட்டத்துக்கு எப்போதும் பத்து நிமிஷம் முன்னால் வந்துவிடுவார். "நான் ஒன்பது இருபதுக்கு உள்ளே வர்றேன். ஜெபம் நடக்குது. என்கூடவே ஏழெட்டுப் பிள்ளைங்க மூச்சு வாங்க ஓடி வருது. தினமும் இப்படித்தானா? கேட்ல யாரு?" என்றார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இங்கேதான் நான் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பிள்ளைகள் ஏன் லேட் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பெருமுக்கல் பக்கத்திலிருந்து அவர்களுக்குத் தோதான பஸ் ஒன்றே ஒன்று. அது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வருவதே ஒன்பது பத்துக்கு, நாங்கள் மணி அடிக்கிற நேரத்துக்கு. அங்கிருந்து ஓடி வர இன்னும் பத்து நிமிஷம். அதற்கு முந்தின பஸ் ஆறரைக்கு. இது தெரிந்துதான் இத்தனை வருஷமும் கேட்டை ஒருக்களித்து, காலால் முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆனால் சொன்னால், இத்தனை நாள் யாரைக் கேட்டு விட்டாய் என்று அடுத்த கேள்வி வரும். சிஸ்டர், "நீங்களே சொல்லுங்க லூர்தும்மா, என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். என் வாய் தானாகப் பேசியது. "ஒம்பது பத்துக்குப் பூட்டிடலாம் சிஸ்டர். மொத பீரியட் முடிஞ்சப்புறம் தொறக்கலாம். ரெண்டு நாளு வெளிய நின்னா மூணா நாளு தானா வருவாங்க. சோம்பேறித்தனம், வேற இன்னா?"

யார் கேட்டு நடக்கப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அந்த வருஷம் குழு சொன்னதில் அடுத்த திங்கட்கிழமையே நடைமுறைக்கு வந்தது அது ஒன்றுதான். மூன்று தடவை லேட்டானால் பெற்றோர் வர வேண்டும் என்று கூடவே சேர்த்தார்கள். சவரிமுத்து சாருக்கு ரொம்பத் திருப்தி: "பார்த்தீங்களா சிஸ்டர்? வாசல்ல நிக்கிறவங்களுக்குத்தான் வாசல் தெரியும்."

கம்பிக்கு அந்தப் பக்கம்

திங்கட்கிழமை பூட்டினேன். ஒன்பது இருபதுக்கு ஏழு பிள்ளைகளும் வந்தார்கள். முன்னால் ஓடி வந்தவள் சங்கவி. பத்தாவது படிக்கிற பிள்ளை. இந்துப் பிள்ளைதான், ஆனால் கணீரென்ற குரல் என்பதால் திங்கட்கிழமை ஜெபத்தில் 'இன்றைய சிந்தனை' வாசிப்பது அவள் பொறுப்பு. வழக்கம்போல் கேட்டின் கம்பியில் கை வைத்துத் தள்ளினாள். கேட் அசையவில்லை. பூட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

"ஆர்டர்" என்றேன். "பத்து மணிக்குத்தான்." உள்ளே மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை. அப்புறம் வேறு யாரோ வாசித்தார்கள். எதிரே டீக்கடையில் நின்ற ஆம்பிளைகள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினார்கள். நான் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து சங்கவியின் குரல் வந்தது. கோபம் இல்லை. எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னாள்: "ஆயாம்மா, தெனமும் நீங்க பாத்துக்கினுதானே கீறீங்க, பஸ்ஸு இப்பத்தான வரும்."

அஞ்சலை வந்த நாள்

மூன்று நாளில் மூன்று லேட் ஆகிவிட்டது. வியாழக்கிழமை சங்கவியின் அம்மா அஞ்சலை வந்தாள். எங்கள் அம்மா செய்த அதே வேலைதான், களை பறிப்பு, நடவு, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குவது. கூலியை விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். என் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதை என்னிடம் ஒத்திகை பார்த்தாள். வீட்டுக்காரருக்குக் கிட்னி கோளாறு, முண்டியம்பாக்கத்தில் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் போய் வருகிறார். அவள் ஆறு மணிக்குக் காட்டுக்குப் போனால், சங்கவிதான் தண்ணீர் பிடித்து, சின்னவளுக்குச் சோறு ஊட்டி, பால்வாடியில் விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும்.

நான் புதிதாகக் கேட்கிறவள் மாதிரி, "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டேன். "உள்ள போயி இத்த எல்லாம் சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பஸ் நேரம் வெளியே வரும், அது ஆயாவுக்கும் தெரியும் என்று சங்கவி கேட்டில் சொன்னதும் வெளியே வரும். அதனால், "ஆபீஸ்ல ரொம்பப் பேசாத, எழுதிக் குடுத்துட்டு வந்துடு" என்றேன். அவள் அப்படியே செய்தாள். இனி லேட்டாகாது என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, எனக்குச் சமாதானம் சொல்வது போலச் சொன்னாள்: "ஸ்கூலு மேல தப்பு இல்லக்கா. பெல்லு அடிச்சா வரணும்தான். எங்கமேலதான் தப்பு."

விழுப்புரத்தில் ஒரு சால்வை

அடுத்த வாரத்திலிருந்து சங்கவி வரவில்லை. மற்ற ஆறு பேரில் நாலு பேர் ஆறரை பஸ்ஸில் வந்து, நான் திறக்கிற எட்டே கால் வரைக்கும் பூட்டிய கேட்டுக்கு வெளியே தூங்கி வழிந்தார்கள். இரண்டு பேர் தினமும் வெளியே நின்றார்கள். ஜெபம் மட்டும் அமைதியாக நடந்தது. இந்த அமைதியைத்தான் சவரிமுத்து சார் விழுப்புரத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். பல பள்ளிகளின் ஆலோசனைக் குழுக்கள் சேர்ந்து ஒரு நாள் கூட்டம் நடத்தினார்கள். என்னையும் கூட்டிப் போனார்கள்.

மேடையில் வயதான ஒரு சிஸ்டர் பேசினார். நம்முடைய பள்ளிகளை முன்னே வந்தவர்கள் எதற்குத் தொடங்கினார்கள், எங்கேயும் உள்ளே விடாமல் வெளியே நிறுத்தி வைத்தார்களே, அந்தப் பிள்ளைகளுக்காகத் தொடங்கினார்கள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடிப்பதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு எளிய ஊழியர் சொன்ன யோசனை, ஒரு பள்ளியின் ஒழுங்கையே மாற்றியது என்று சவரிமுத்து சார் விளக்கினார். ஒரு சாமியார் எனக்குச் சால்வை கொடுத்தார். ஜரிகை போட்டது, பார்க்கக் கனமாக இருக்கும், கையில் வாங்கினால் காற்று மாதிரி இருக்கும். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எல்லாம் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது" என்றேன். பணிவு என்று நினைத்து அதற்கும் கை தட்டினார்கள்.

சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் இன்னொரு பள்ளி ஆயா நின்றாள். என் வயதுதான் இருக்கும், முழங்காலில் கட்டுப் போட்டிருந்தாள். சாம்பாரை வாங்கிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்: "எங்க ஸ்கூல்லயும் அடுத்த வாரத்துலருந்து பூட்டச் சொல்லிட்டாங்க. எங்க புள்ளைங்க உட்ற சாபம் மொத்தமும் உன் தலைக்குத்தான், போ."

முண்டியம்பாக்கத்தில் ஏறியவள்

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சால்வையை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தேன். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக் கூட்டம் ஏறியது. அதில் அஞ்சலையும் ஏறினாள். நான் வெளியே வயலைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு என்னோடு ஒட்டி உட்கார்ந்தாள். வீட்டுக்காரருக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள் என்றாள். பையிலிருந்து எட்டிப் பார்த்த ஜரிகையைத் தொட்டு, "இன்னாக்கா, பளபளன்னு?" என்றாள்.

"கல்யாண வூட்ல குடுத்தாங்க" என்றேன். யார் கல்யாணம் என்று கேட்டாள். சொந்தக்காரப் பெண் என்று ஒரு பெயரைச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டாள். அதற்கும் ஒன்று சொன்னேன். விக்கிரவாண்டி வருவதற்குள் இல்லாத ஒரு பெண்ணைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். பிறகு, வேறு வழியில்லாமல், சங்கவி எங்கே என்று கேட்டேன். மல்லாட்டை பிடுங்க வருகிறாள், வேலை சுத்தமாகச் செய்கிறாள் என்றாள். பத்தாவதாச்சே, பரீட்சை வருகிறதே என்று இழுத்தேன். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "தெனமும் டீக்கட எதுர்ல நிக்க வெக்கமா கீதும்மான்னு அழுவுதுக்கா. காட்டுல நின்னா ஒருத்தரும் பாக்க மாட்டாங்கன்னு சொல்லுது."

வேற்றூர்ப் பாவசங்கீர்த்தனம்

அதற்குப் பிறகு எனக்கு மணி அடிக்கக் கை வரவில்லை. அடித்துவிட்டு, பூட்டும்போது ரோட்டைப் பார்க்காமல் பூட்டினேன். பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றால், எங்கள் பங்குச் சாமியார் குழுவிலேயே இருக்கிறார். திரைக்குப் பின்னால் இருந்தாலும் என் குரல் அவருக்குத் தெரியும். கேட்டதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த கூட்டத்தில் மிக்சர் தட்டுக்கு அந்தப் பக்கம் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? எனவே ஒரு சனிக்கிழமை, பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறி விழுப்புரம் போனேன். என்னைத் தெரியாத ஒரு கோயிலாகப் பார்த்து முழங்காலிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் நேரம் தெரிந்தும் மறைத்தது, சோம்பேறித்தனம் என்று சொன்னது, அஞ்சலையின் வாயை அடைத்தது, கல்யாண வீட்டுச் சால்வை. திரைக்குப் பின்னாலிருந்து, என்னிடம் சொன்னது மட்டும் போதாது, சரி செய்ய முடிந்ததைப் போய்ச் சரி செய்யுங்கள் என்றார். மன்னிப்பும் கொடுத்தார். நான் எழுந்திருக்கும்போது, அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், மெதுவாகச் சொன்னார்: "அந்தச் சால்வைய நான்தாம்மா குடுத்தேன்."

சவரிமுத்து சார் எழுந்து நின்றார்

அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நாலு நாள் மனப்பாடம் செய்தேன். 'எனக்கு முன்னாடியே தெரியும், பயந்துகினு மறச்சிட்டேன்.' இவ்வளவுதான். பள்ளியில் திருவிவிலிய வசனம் ஒப்பித்தவளுக்கு இது பெரிய வசனமில்லை. எழுந்து நின்றதும் நாக்கு வேறு பக்கம் போனது. "பெருமுக்கல் பஸ்ஸே ஒம்பது பத்துக்குத்தான் ஸ்டாண்டுக்கு வருதுன்னு ஒருத்தரு சொன்னாரு சிஸ்டர். அதுக்கு முன்னாடி ஆறரைக்குத்தான் பஸ்ஸு. சங்கவின்னு ஒரு பொண்ணு படிப்ப நிறுத்திட்டு காட்டு வேலைக்குப் போவுது" என்றேன். யார் அந்த ஒருத்தர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் ஒரு பெயர் வைத்திருப்பேன்.

சிஸ்டர் முகம் வாடிவிட்டது. பத்தாவதா என்று கேட்டார். கிரேஸ் டீச்சரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் பெருமுக்கல் போகலாம் என்றார். அந்த பஸ்ஸில் வருகிறவர்களுக்கு கேட் திறந்தே இருக்கட்டும், ஜெபத்தைக் கால் மணி நேரம் தள்ளி வைத்தால் ஒன்றும் ஆகிவிடாது என்றார். இவ்வளவும் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயத்துக்கு ஒரு பிள்ளையை ஆறு வாரம் காட்டில் நிறுத்தியிருக்கிறேன் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, சவரிமுத்து சார் எழுந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வார்த்தை விசாரிக்காம ஆரம்பிச்சது நான். நாற்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு இது கூடத் தோணலை." பிறகு சிஸ்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். 'இல்லை சார், நான்தான்' என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் இனி வராது. அந்த நேரம் வந்து, நின்று, போனது. அவர் சொன்னார்: "என்னாலதான் உங்க வாயால அப்படிச் சொல்ல வேண்டி வந்துச்சு. மன்னிச்சிக்குங்கம்மா."

ஒரு பை மல்லாட்டை

சங்கவி திரும்ப வந்தாள். கருத்திருந்தாள், கைவிரலெல்லாம் மண் ஏறியிருந்தது. விட்டுப்போன பாடத்தை கிரேஸ் டீச்சர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார். திங்கட்கிழமை மைக்கில் மறுபடியும் அவள் குரல் கேட்டது. கேட்டில் என்னைத் தாண்டும்போது வணக்கம் சொல்கிறாள். முன்பு போலச் சிரிப்பதில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அஞ்சலைக்குத் தெரியாது. ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டையைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். கமிட்டியில் பேசினது நான்தான் என்று கிரேஸ் டீச்சர் சொல்லியிருக்கிறார். வாங்க மாட்டேன் என்று தள்ளினேன். அதையும் அவள் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டாள். வேகவைத்து ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கொடுத்தேன், நான் ஒன்றுகூட வாயில் போடவில்லை. போடாததனால் என்ன லாபம் என்றும் தெரியவில்லை. போகும்போது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க நடுவுல எங்களுக்காக வாயத் தொறந்த பாரு, நீ நல்லா இருக்கணும்க்கா."

முட்டி வலி

அன்றைக்குச் சாயங்காலமே சிஸ்டர் அறைக்குப் போனேன். இந்தத் தடவை நிச்சயம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சிஸ்டர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "என்ன லூர்தும்மா?" என்றார். அவ்வளவு அன்பாகக் கேட்காமல் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். "முட்டி வலி சிஸ்டர். கமிட்டியிலருந்து என்னை எடுத்துடுங்க" என்றேன்.

சிஸ்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தெரிந்து பார்த்தாரா, தெரியாமல் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "முட்டி வலிக்கு உட்கார்ந்து பேசுற கமிட்டிதானே நல்லது, நின்னு பார்க்கிற கேட்டைத்தானே விடணும்?"

ஆனாலும் எடுத்துவிட்டார், கேட் மட்டும் என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் யாராவது மணி என்ன ஆகிறது என்று கேட்டால்கூட நான் வாயைத் திறப்பதில்லை, சுவரில் இருக்கிற கடிகாரத்தைக் கையால் காட்டிவிடுகிறேன்.